7 மில்லிமீட்டர் உயிருக்கு ஒரு பெயர்

மேற்கு வங்கத்தின் திகா, அதை ஒட்டி ஒடிசாவில் இருக்கும் உதய்பூர். இந்த இரண்டு கடற்கரைகளின் ஈரமணலுக்கு அடியில் ஒரு சின்ன நத்தை ஊர்ந்து திரிகிறது. அதிகபட்ச நீளம் 7 மில்லிமீட்டர். பழுப்பு கலந்த கறுப்பு உடல், பின்முனையில் மாணிக்கச் சிவப்பில் ஒரு புள்ளி. ஓடு வெளியே தெரியாது, உடலுக்குள் புதைந்திருக்கும். நகரும்போது தன்னைச் சுற்றி ஒளி ஊடுருவும் கோழையால் ஓர் உறையைச் சுரந்துகொண்டே போகிறது, அதனால் உடல் மடிப்புகளுக்குள் மணல் புகுவதில்லை. 2024-இல் இந்திய விலங்கியல் ஆய்வு மையம் இதற்கு மெலனோக்ளமிஸ் திரௌபதி என்று குடியரசுத் தலைவரின் பெயரைச் சூட்டியது.

செய்திகளில் பெயர்தான் பெரிதாக வந்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு: இது புதிய சிற்றினம்தான் என்று எப்படி நிறுவினார்கள்? கண்டெடுப்பது வேலையின் தொடக்கம் மட்டுமே. 'இது இதுவரை யாரும் விவரிக்காத உயிர்' என்பது ஒரு வாதம். சாட்சியங்களோடு அதை எழுதி வைக்க வேண்டும்; நூறு வருடம் கழித்து வருகிறவரும் சரிபார்க்கும்படி வைக்க வேண்டும்.

முதலில் ஒரு தெளிவு. இங்கே பேசுவது ராமநாதபுரம், மன்னார் பக்கம் கிடைக்கும் கடல் அட்டையைப் பற்றி அல்ல. அது நட்சத்திர மீனின் உறவு. திரௌபதி போன்றவை மெல்லுடலிகள், நத்தையின் நேரடிச் சொந்தம். பரிணாமத்தில் ஓட்டைச் சுருக்கிக்கொண்டவை, அல்லது அடியோடு இழந்தவை.

உயிரோடு இருக்கும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. படம் எடுக்க வேண்டும், நிறத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், எந்த மாதிரி மணலில், என்ன ஆழத்தில் கிடைத்தது என்று எழுத வேண்டும். இந்த உயிர்களை அப்படியே சாராயத்தில் போட்டால் சுருண்டு இறுகிவிடும். அதனால் முதலில் மெக்னீசியம் குளோரைடு கரைசலில் விட்டு உடலைத் தளர்த்துவார்கள். அப்புறம் மரபணு ஆய்வுக்கு எத்தனாலில் ஒரு பகுதி, உடற்கூறு பார்க்க ஃபார்மலினில் ஒன்றிரண்டு. எப்படிப் பாதுகாத்தாலும் நிறம் வெளுத்துப்போகும். கடல் நத்தை ஆய்வின் தீராத தொல்லை இது.

அடுத்தது அறுத்துப் பார்ப்பது. பெரும்பாலான நத்தைகளின் வாயில் அரம் மாதிரி பற்கள் வரிசையாக அமைந்த ஒரு பட்டை உண்டு. ஒரு வரிசையில் எத்தனை பல், அதன் நுனி எப்படி என்பதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தே பல சிற்றினங்களைப் பிரித்துவிடலாம். திரௌபதிக்கும் அதன் நெருங்கிய உறவுகளுக்கும் அந்தப் பட்டையே இல்லை. இவை இரையை முழுசாக விழுங்குபவை. ஆக, மிச்சமிருப்பது உள்ளே புதைந்த ஓட்டின் வடிவம், இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பு போன்றவை. இவற்றில் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் இரண்டு உறுப்புத் தொகுதிகளும் ஒரே உடலில் கிடைக்கும். நெருங்கிய சிற்றினங்களுக்குள் மற்றதெல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் இந்த உறுப்புகளில் வித்தியாசம் தெரிவது வழக்கம். 7 மில்லிமீட்டர் உடலுக்குள் அதைத் தேடி எடுக்கும் கைகளை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

எதோடு ஒப்பிடுவது? அந்தப் பேரினத்தில் அதுவரை பெயர் பெற்ற எல்லாவற்றோடும். மெலனோக்ளமிஸ் என்ற பேரினத்தை 1881-இல் நியூசிலாந்து நத்தையை வைத்து ஏற்படுத்தினார்கள். அதன் பெரும்பாலான சிற்றினங்கள் மித வெப்பக் கடல்களில்தான் வாழ்கின்றன. வெப்பமண்டலத்தில் தாய்லாந்து வளைகுடாவில் ஒன்று இருந்தது. 2022-இல் இதே வங்க, ஒடிசா கரையிலிருந்து பெங்காலென்சிஸ் என்று இன்னொன்று வந்தது. கடினமான கேள்வி இங்கேதான்: ஒரே கரை, ஒரே பேரினம். புதிதாகக் கிடைத்தது அந்த பெங்காலென்சிஸின் வேறொரு சாயலாக ஏன் இருக்கக் கூடாது?

இந்த இடத்தில் மரபணு கைகொடுக்கிறது. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ என்ற மரபணுவின் ஒரு துண்டை, சுமார் 650 எழுத்துகளை, படித்து ஒப்பிடுவார்கள். ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவற்றுக்குள் அந்த எழுத்துகளில் சிறு வேறுபாடுதான் இருக்கும். வேறு சிற்றினம் என்றால் வேறுபாடு தெளிவாகக் கூடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். இத்தனை சதவீதம் தாண்டினால் புதுசு என்று எல்லா உயிருக்கும் பொதுவான கோடு எதுவும் கிடையாது.

அதனால் மரபணு மட்டும் போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படம் மட்டும் போதும் என்பது இன்னும் ஆபத்து. இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் குரோமோடோரிஸ் என்ற அழகிய கோடு போட்ட நத்தைகளில், ஒரே சிற்றினம் இடத்துக்கு இடம் வேறு நிறம் காட்டுகிறது. வெவ்வேறு சிற்றினங்கள் ஒரே இடத்தில் ஒன்றைப்போல ஒன்று தோன்றுகின்றன. ஒன்றையொன்று சாராத சாட்சியங்கள், அதாவது உடற்கூறும் மரபணுவும், ஒரே பக்கம் கை காட்டும்போதுதான் வாதம் நிற்கும். திரௌபதியை உறுதி செய்ததும் இந்த இரண்டும் சேர்ந்துதான்.

சில சமயம் பேரினமே பொருந்தாது, குடும்பமும் பொருந்தாது. கலிபோர்னியாவின் மாண்டெரே விரிகுடா மீன்காட்சியக ஆய்வு நிறுவனம் 2000-ஆம் ஆண்டு 2,614 மீட்டர் ஆழத்தில் ஆளில்லாக் கலத்தின் கேமராவில் ஒரு கண்ணாடி உயிரைக் கண்டது. தலையில் பெரிய முக்காடு, தட்டையான வால், வால் ஓரத்தில் விரல்கள். 150 தடவைக்கு மேல் பார்த்தும் அதை எதில் சேர்ப்பது என்று பிடிபடவில்லை. முக்காட்டை வைத்து இரையை மூடிப் பிடிக்கும் மெலிபி என்ற நத்தைகள் ஏற்கெனவே உண்டு. ஆனால் மரபணு ஒப்பீடு அந்த உறவை மறுத்தது. ஒரே மாதிரியான முக்காடு இரண்டு கிளைகளில் தனித்தனியாக உருவாகியிருக்கிறது. 2024-இல் புரூஸ் ராபிசனும் ஸ்டீவன் ஹாடக்கும் அதற்கு பாத்திடேவியஸ் காடாக்டிலஸ் என்று பெயரிட்டு, தனிக் குடும்பமே ஏற்படுத்தினார்கள்.

சரி, வாதம் தயார். பெயர் எப்போது செல்லும்? சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி, விவரிப்பு பிரசுரமாக வேண்டும். மற்றவற்றிலிருந்து பிரிக்கும் அடையாளங்களைச் சொல்ல வேண்டும். 1999-க்குப் பின் வரும் பெயர் என்றால் அதைத் தாங்கும் மாதிரி, பெரும்பாலும் ஹோலோடைப், எது என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். ஹோலோடைப் என்பது அந்தப் பெயரைத் தாங்கும் ஒற்றை மாதிரி. வீட்டுக்கு மூலப்பத்திரம் போல. பின்னால் எவ்வளவு சர்ச்சை வந்தாலும் அருங்காட்சியகத்தில் அந்தக் குப்பியைத் திறந்து பார்க்கலாம்.

அது இல்லாத காலத்தில் பட்ட பாட்டுக்கு நம் பக்கத்துக் கதையே இருக்கிறது. இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் ஃபிரெடெரிக் கெலார்ட், 1858, 59-இல் திருகோணமலைக் கடலின் நத்தைகளுக்கு வரிசையாகப் பெயர் வைத்தார். 1860-இல் இறந்துபோனார். அவருடைய குறிப்பு எந்த உயிரைச் சொல்கிறது என்று பிறகு வந்தவர்களுக்குக் குழப்பம். 1906-இல் சார்லஸ் எலியட் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தின் நியூகாசில் அருங்காட்சியகத்தில் இருந்த கெலார்ட்டின் ஓவியங்களைப் பார்த்துத்தான் பலவற்றுக்கு முடிச்சவிழ்த்தார். வெள்ளை உடலில் கறுப்பு வளையங்கள் கொண்ட ஜோருன்னா ஃபியூனப்ரிஸ் கெலார்ட் பெயரிட்டதுதான். அதை எழுதும்போது (கெலார்ட், 1859) என்று அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். சிற்றினப் பெயர் அவருடையது, ஆனால் அவர் வைத்த பேரினத்திலிருந்து பின்னால் மாற்றிவிட்டார்கள் என்று அந்த அடைப்புக்குறிக்கு அர்த்தம்.

பேரினம் மாறலாம், சிற்றினமும் பிரியலாம். ஹெர்மிசெண்டா கிராசிகார்னிஸ் என்ற பசிபிக் நத்தை நினைவாற்றல் ஆய்வில் புகழ் பெற்றது. விளக்கொளியையும் உடல் ஆட்டத்தையும் இணைத்துக் கற்றுக்கொள்ளக்கூடியது. 2016-இல் மரபணுவும் உடற்கூறும் சேர்த்துப் பார்த்தபோது அது மூன்று சிற்றினம் என்று தெரிந்தது. புதுப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை. 1860-களில் கலிபோர்னிய நத்தைக்கு வைத்து, பின்னால் கிராசிகார்னிஸுக்குள் அடக்கிவிட்ட ஓபலெசென்ஸ், ஜப்பானின் எமுராய் ஆகிய பழைய பெயர்கள் மீண்டும் உயிர்பெற்றன. கிராசிகார்னிஸ் என்ற பெயர் அலாஸ்காவிலிருந்து வட கலிபோர்னியா வரை வாழ்பவற்றுக்கு மட்டும் என்றானது. அவற்றின் முதுகு நீட்சிகளில் வெள்ளைக் கோடு இருக்கும், ஓபலெசென்ஸில் இருக்காது. ஆகவே பழைய நரம்பியல் கட்டுரை ஒன்றைக் கையில் எடுப்பவர் இப்போது முதலில் தேட வேண்டியது, அந்த நத்தைகளை எந்தக் கரையில் பிடித்தார்கள் என்ற வரியை. கலிபோர்னியாவின் தெற்கில் என்றால், ஆய்வில் இருந்தது பெரும்பாலும் ஓபலெசென்ஸ்.