பகா எண்கள் நிரம்பிய மாயச் சதுரம்

நிரை, நிரல், மூலைவிட்டம் எதைக் கூட்டினாலும் ஒரே தொகை தரும் மூன்றுக்கு மூன்று மாயச் சதுரத்தைப் பகா எண்களைக் கொண்டு மட்டும் நிரப்ப இயலுமா, இயலுமெனில் எண்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இயலும், வழியும் உண்டு. வெவ்வேறான ஒன்பது பகா எண்களால் அமையும் சதுரங்களுள் மிகக் குறைந்த கூட்டுத்தொகை உடையது இது:

17 89 71
113 59 5
47 29 101

எந்த நிரையை, நிரலை, மூலைவிட்டத்தைக் கூட்டினாலும் 177 வரும். நடுக்கட்டத்தின் வழியே செல்லும் நான்கு கோடுகளையும் சேர்த்துக் கூட்டினால் ஒன்பது எண்களும் ஒருமுறை வந்து, நடு எண் மட்டும் மேலும் மூன்று முறை வரும். ஆகவே கூட்டுத்தொகை எப்போதும் நடு எண்ணின் மும்மடங்கு. எதிரெதிரே நிற்கும் இரண்டு எண்களின் கூட்டல் நடு எண்ணின் இருமடங்கு. 2 ஓரத்தில் நின்றால் எதிர்ப்பக்கத்திலும் ஓர் இரட்டை எண் தேவைப்படும். வேறு இரட்டைப் பகா எண்ணோ கிடையாது. நடுவில் நின்றால் கூட்டுத்தொகை வெறும் 6 என்றாகிவிடும். எனவே 2-க்கு இடமில்லை.

3-க்கும் இடமில்லை என்பதற்கான காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்பது எண்களையும் ஏறுவரிசையில் எழுதி மும்மூன்றாகப் பிரித்தால் 5, 17, 29. 47, 59, 71. 89, 101, 113 என்று கிடைக்கும். ஒவ்வொரு குழுவுக்குள்ளும் வித்தியாசம் 12. குழுக்களின் முதல் எண்களான 5, 47, 89 ஆகியவற்றுக்கு இடையே 42. இது தற்செயல் அன்று. மூன்றுக்கு மூன்று மாயச் சதுரம் எதுவாயினும், ஒரே வித்தியாசம் கொண்ட மூன்று கூட்டுத்தொடர்களாக (சம இடைவெளியில் ஏறும் எண்வரிசைகளாக) அதைப் பிரித்துவிடலாம், அவற்றின் முதல் எண்களும் ஒரு கூட்டுத்தொடராகவே இருக்கும். இப்போது, குழுவுக்குள் உள்ள வித்தியாசம் 3-இன் மடங்கு அன்று எனக் கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு குழுவின் மூன்று எண்களும் 3-ஆல் வகுபடும்போது 0, 1, 2 என மூன்று வெவ்வேறு மீதிகளைத் தரும்; அதாவது குழுவுக்கு ஒன்றாக, 3-இன் மடங்குகள் மூன்று வந்துவிடும். அவற்றுள் பகா எண்ணாக இருக்கக்கூடியது 3 ஒன்றே. ஆகவே அந்த வித்தியாசம் 3-இன் மடங்காகவே இருந்தாக வேண்டும். எண்களைக் குறுக்கே, 5, 47, 89 என்பதுபோல், தொகுத்துப் பார்த்தால் இதே வாதம் 42-க்கும் பொருந்தும். விளைவாக, ஒன்பது எண்களும் ஒரே மீதியைத் தருகின்றன. அவற்றுள் 3 நுழைந்தால் எல்லாமே 3-இன் மடங்காகிவிடும். எல்லாம் ஒற்றை எண்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், 6-ஆல் வகுத்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே மீதிதான் வரும். மேலே உள்ள சதுரத்தில் அது 5.

ஆக, 6-ஆல் வகுக்க மீதி 1 தரும் பகா எண்களையும் மீதி 5 தருபவற்றையும் தனித்தனியே எழுதி வைத்துக்கொண்டு, ஒரு பட்டியலுக்குள் மட்டும் தேடினால் போதும். ஆங்கிலேயப் புதிர் ஆசிரியர் ஹென்றி டியூடனி 1900-இல் தந்த சதுரம் முதல் பட்டியலைச் சேர்ந்தது. அதன் கூட்டுத்தொகை 111. ஆனால் அதில் 1-உம் இருக்கிறது, அதையும் பகா எண்ணாகக் கொள்ளும் வழக்கம் அப்போது இருந்தது.

இடையில் ஒன்றும் விடுபடாமல் அடுத்தடுத்து வரும் ஒன்பது பகா எண்களால் சதுரம் அமைத்தால் 100 டாலர் தருவதாக, கணிதப் புதிர்களைப் பற்றி எழுதிய அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் அறிவித்திருந்தார். ஒரு பட்டியலின் ஒன்பது எண்கள் வரும்வரை மற்றப் பட்டியலின் ஓர் எண்கூட இடையில் தலைகாட்டக் கூடாது என்பதே இதன் கடினம். 1988-இல் ஹாரி நெல்சன் கிரே சூப்பர் கணினியைக் கொண்டு விடை கண்டார். அவருடைய சதுரம் 1480028129-இல் தொடங்கி 1480028213-இல் முடிகிறது. அத்தகைய கணினியை ஒரு புதிருக்குச் செலவிட்டது வீண் என்று நான் கருதவில்லை. பகா எண்கள் எவ்வாறு பரவியுள்ளன என்பதைப் பற்றிய நேர்மையான கேள்விதான் அது.

நான்குக்கு நான்கு சதுரத்தில் கூட்டுத்தொடர் நிபந்தனை இல்லாததால், கட்டங்கள் கூடினாலும் மிகக் குறைந்த கூட்டுத்தொகை 120 ஆகக் குறைந்துவிடுகிறது:

3 61 19 37
43 31 5 41
7 11 73 29
67 17 23 13

இரு பட்டியல்களும் இதில் கலந்துள்ளன, 3-உம் வந்துவிட்டது. 2 மட்டும் இங்கும் நுழைய முடியாது: அது நிற்கும் நிரையின் கூட்டுத்தொகை ஒற்றைப்படையாகவும், ஏனைய நிரைகளின் கூட்டுத்தொகை இரட்டைப்படையாகவும் ஆகிவிடும்.