அட்டாக் கூடியும் சேதம் கூடாதது ஏன்?

வீடியோ விளையாட்டுச் சோதனையாளராகப் பணிபுரியும் என்னிடம் அடிக்கடி வரும் புகார், அட்டாக்கை, அதாவது பாத்திரத்தின் தாக்கும் திறனைக் காட்டும் எண்ணை, உயர்த்தியும் எதிரிக்கு விழும் சேதம் கூடவில்லை என்பதே. பெரும்பாலும் அது பிழையன்று. உள்ளே நடக்கும் கணக்கின் இயல்பே அப்படி. ரசிகர்கள் முழுமையாக அலசிவிட்ட போக்கிமான் விளையாட்டின் சேதச் சூத்திரத்தையே எடுத்துக்கொள்வோம்.

லெவலை இரண்டால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, இரண்டைக் கூட்ட வேண்டும். வரும் விடையை அடியின் பவராலும் அட்டாக்காலும் பெருக்கி, எதிரியின் டிஃபென்ஸாலும் (தற்காப்புத் திறன் எண்) பிறகு 50ஆலும் வகுத்து, இன்னும் 2ஐக் கூட்டினால் அடிப்படைச் சேதம் கிடைக்கும். வகுக்கும் ஒவ்வொரு முறையும் பின்னம் வெட்டி எறியப்படுகிறது, சிக்கல் இங்கேதான். லெவல் 50, பவர் 80, அட்டாக், டிஃபென்ஸ் இரண்டும் 100 என்றால் அடிப்படைச் சேதம் 37. அட்டாக் 101 ஆனாலும் 102 ஆனாலும் அதே 37தான். 103ஐத் தொட்ட பிறகே 38 ஆகிறது. இடைப்பட்ட இரண்டு புள்ளிகளுக்காக இரவெல்லாம் உழைத்தவர்களை நான் அறிவேன்.

இதன் மேல், போக்கிமானின் அண்மைத் தலைமுறை விளையாட்டுகளில் 85 முதல் 100 வரையிலான 16 முழு எண்களில் ஒன்று தற்செயலாகத் தேர்வாகி, அத்தனை சதவீதச் சேதமே எடுத்துக்கொள்ளப்படுகிறது; அடியின் வகையும் (நெருப்பு, நீர் போன்றவை) அடிப்பவரின் வகையும் ஒன்றானால் அது மேலும் ஒன்றரை மடங்காகும். ஆகவே வகை ஒன்றானால் நம் 37, களத்தில் குறைந்தது 46ஆகவும் அதிகபட்சம் 55ஆகவும் விழலாம். 50 உயிர்ப்புள்ளி கொண்ட எதிரியை 16இல் 9 வாய்ப்புகளில் ஒரே அடியில் வீழ்த்தலாம். அட்டாக் 103 ஆனால் 11 வாய்ப்புகளில். ஒரே ஓர் அடியைப் பார்த்து எழுதப்படும் புகாரை நான் ஏற்பதில்லை.

உண்மையான பிழைகளும் உண்டு. 1996இல் ஜப்பானில் வெளியான முதல் தலைமுறையில், கிரிட்டிக்கல் (வழக்கத்தைவிடக் கூடுதல் சேதம் தரும் அடி) வாய்ப்பைப் பெருக்க வேண்டிய ஃபோகஸ் எனர்ஜி என்ற உத்தி அதைக் கால்வாசியாகக் குறைத்துவிட்டது.

பணம் கட்டி வாங்கும் கருவிகளில்தான் கூடுதல் கவனம் தேவை. அடிப்படை அட்டாக் 1000, ஏற்கெனவே 50 சதவீத ஊக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய கருவியின் 10 சதவீதம் அந்த 50உடன் கூட்டப்பட்டால் 1500 என்பது 1600 ஆகும். உண்மை உயர்வு ஏழு சதவீதத்துக்கும் குறைவு. தனியாகப் பெருக்கப்பட்டால் 1650. எந்த முறை என்பதைக் கருவியின் விளக்கம் பெரும்பாலும் சொல்வதில்லை. வாங்கும் முன் அதைக் கேட்டறியுங்கள்.