இரண்டாவது திரையின் எடையை யார் தாங்குவது?

போன மாதம் ஒருவர் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் ஒரு பக்கம் மட்டும் எழும்புகிறது, மறுபக்கம் பிளாஸ்டிக் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. "கீழே எல்லாம் போடவே இல்லை சார்" என்றார். போட்டிருக்க மாட்டார்தான். மூடியின் முதுகில் மாட்டி இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிக்கிற கூடுதல் திரைகளை வாங்கி, வீட்டிலிருந்து வேலை பார்த்திருக்கிறார்.

லேப்டாப்பின் கீல், அதாவது நாங்கள் ஹிஞ்ச் என்பது, அந்த ஒரு மூடியின் எடைக்குக் கணக்குப் போட்டு இறுக்கியது. விலை குறைந்த மாடல்களில் அதைப் பிடித்திருப்பதே பிளாஸ்டிக்கில் பதித்த பொடிப்பொடி பித்தளை நட்டுகள். அதன்மேல் இன்னும் இரண்டு திரைகளை ஏற்றி, தினமும் முன்னும் பின்னும் சாய்த்தால் நட்டு பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வரும், அப்புறம் மூடி, டிஸ்ப்ளே கேபிள் என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

பெரிய கம்பெனிகளும் இதில் திணறியவைதான். 2008இல் லெனோவோ அறிவித்த திங்க்பேட் டபிள்யூ700டிஎஸ்ஸில் 17 அங்குல மூடிக்குள்ளிருந்து 10.6 அங்குலத் திரை பக்கவாட்டில் இழுத்தால் வரும். மொத்த எடை ஏறக்குறைய 5 கிலோ, அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது! 2017இல் ரேசர் மூன்று 17.3 அங்குலத் திரைகளோடு காட்டிய மாதிரி லேப்டாப் விற்பனைக்கே வரவில்லை. தோஷிபா 2010இல் கீபோர்டு இருக்கும் இடத்திலேயே இரண்டாவது திரையை வைத்தது, ஹிஞ்ச் தப்பித்தது, ஆனால் கண்ணாடியில் தட்டிப் பக்கம் பக்கமாக யார் எழுதுவார்கள்?

என் கணக்கில் சரியாக யோசித்தது 2024இல் வந்த ஆசுஸ் ஜென்புக் டுவோ. இரண்டு 14 அங்குலத் திரைகள், கழற்றி எடுக்கும் கீபோர்டு, அடியில் ஒரு ஸ்டாண்ட். எடையை மேசை வாங்கிக்கொள்கிறது, கீபோர்டோடு சேர்த்தே 1.65 கிலோதான். விலைதான் இடிக்கும்.

அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் சொந்தக் காலில் நிற்கும் போர்ட்டபிள் மானிட்டர் ஒன்று போதும். வாங்கும் முன் உங்கள் லேப்டாப்பின் டைப்-சி போர்ட் படத்தை வெளியே அனுப்புமா என்று மட்டும் மாடல் விவரத்தில் பாருங்கள், எல்லா டைப்-சியும் அனுப்பாது. இல்லையென்றால் எச்டிஎம்ஐ கேபிளும் தனியாக மின்சாரமும் கொடுக்க வேண்டியிருக்கும். எம்1, எம்2 மேக்புக் ஏர் நேரடியாக ஒரு வெளித்திரையை மட்டுமே ஏற்கும், அது தெரியாமல் இரட்டை இறக்கை வாங்கிவிட்டு ஒன்று இருட்டாகவே இருக்கிறது என்று எங்களிடம் வருகிறார்கள்.

ஹிஞ்சைச் சரிசெய்து கொடுத்தபோது, திரும்பவும் மாட்டலாமா என்று அவர் கேட்டார். அந்தத் திரைகளின் பின்னால் மடங்கியிருந்த ஸ்டாண்டை விரித்துக் காட்டினேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.