கிட்னி தர ஆள் இருக்கிறது, காகிதம் இருக்கிறதா?

என் அக்கா கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே, “நான் தர்றேன்” என்று சொல்லிவிட்டேன். ரத்த வகை சேர்ந்தது. ஸ்கேன், ரத்தம், சிறுநீர் என்று மூன்று வாரம் ஓடியது. அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரி ஒருங்கிணைப்பாளர் கேட்டார்: “நீங்க அவருக்கு என்ன உறவு? மச்சினனா? அப்ப நெருங்கிய உறவுல வர மாட்டீங்களே.” முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் வந்தது, 2011இல் திருத்தினார்கள், விதிகள் 2014இல் வந்தன. அதில் ‘நெருங்கிய உறவினர்’ என்றால் கணவன் அல்லது மனைவி, அப்பா, அம்மா, மகன், மகள், உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி. அவ்வளவுதான். காது குத்துக்கு மடியில் உட்கார வைத்துக்கொள்ளும் தாய்மாமன் இதில் இல்லை. சித்தி, அத்தை, மருமகன், மாமியார், ஒரே வீட்டில் வளர்ந்த பெரியப்பா மகன், யாரும் இல்லை.

அவர்கள் தரவே கூடாது என்று இல்லை. ஆனால் வழி வேறு. நெருங்கிய உறவு என்றால் ஆஸ்பத்திரி அளவிலேயே அனுமதி முடிந்துவிடும். மற்றவர்கள் படிவம் 3 கொடுத்து அங்கீகாரக் குழு முன்னால் போக வேண்டும். பணம் கைமாறவில்லை, பாசத்தால்தான் தருகிறார் என்று அங்கே நிரூபிக்க வேண்டும். இரு தரப்புக்கும் மூன்று நிதியாண்டு வருமானச் சான்று கேட்பார்கள். தருபவரின் வீட்டாரையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். தினக்கூலிக்குப் போகிறவர் மூன்று வருட வருமானத்துக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? தருபவர் ஏழை, பெறுபவர் வசதியானவர் என்றால் சந்தேகம் இன்னும் கூடும். கிட்னி வியாபாரம் நடக்கிற நாட்டில் இந்தக் கெடுபிடி தேவைதான். ஆனால் அதில் நசுங்குவது புரோக்கர் இல்லை.

கடைசியில் அக்காவே தருவதாக முடிவானது. மனைவிக்கு என்ன சிக்கல் வரப்போகிறது என்று நினைத்தோம். கல்யாணம் 1998இல் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. ஆதாரில் அக்காவுக்கு அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல். ஒரே ஒரு எழுத்து, கோப்பு திரும்பி வந்துவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில், “மாப்பிள்ளை நேர்ல வரணும்” என்றார்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் கிடக்கும் மாப்பிள்ளை, இடைப்பட்ட நாளில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மரப்பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அன்று சர்வர் வேலை செய்யவில்லை.

அதனால் டயாலிசிஸ் தொடங்கிய வாரத்திலேயே காகித வேலையையும் தொடங்கிவிடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை மூன்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கணவன் மனைவி என்றால் திருமணச் சான்றோடு கல்யாண போட்டோ, குடும்ப போட்டோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகளையும் எடுத்து வையுங்கள். உடன்பிறந்தவர் என்றால் தாசில்தார் தரும் உறவுச் சான்று உதவும். காகிதத்தில் உறவு உறுதியாகாவிட்டால் மரபணுப் பரிசோதனை வரை போகும்.

“தம்பின்னு போட்டுக்கலாம், நான் பாத்துக்கறேன்” என்று ஒருவர் கேன்டீன் பக்கம் வந்து பேசுவார். நம்பாதீர்கள். உறுப்பு வியாபாரத்துக்கு 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். மாட்டினால் தருபவரும் சேர்ந்துதான் மாட்டுவார். ஆனால் தருபவருக்கு ஆகும் பயணச் செலவையும், வேலைக்குப் போகாததால் இழக்கும் கூலியையும் ஈடுகட்டுவதைச் சட்டம் வியாபாரமாகக் கருதுவதில்லை. ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

அனுமதி தரும் முன் நடக்கும் நேர்காணலை வீடியோ எடுப்பார்கள். தருபவர் பெண் என்றால், அவர் சுயமாகத்தான் சம்மதித்தாரா என்று கூடுதலாக விசாரிக்க வேண்டும் என்பது விதி. பதிலை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பாதீர்கள், ஒப்பிப்பது போல இருந்தால் அதுவே சந்தேகம். இன்னொன்று, பல வீடுகளில் இதை மருமகளிடம் சொல்வதே இல்லை: கையெழுத்துப் போட்ட பிறகும் அறுவைக்கு முன் எப்போது வேண்டுமானாலும் அவர் பின்வாங்கலாம்.

பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். காப்பீட்டு கார்டு இல்லையென்றால் ரேஷன் கார்டும் வி.ஏ.ஓ. வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். டயாலிசிஸ் செய்கிற ஆஸ்பத்திரிக்கெல்லாம் மாற்று அறுவைக்கு உரிமம் இருக்காது, முதலில் அதைக் கேளுங்கள். காப்பீட்டின் முன் அனுமதி வருவதற்குள் “இப்ப கட்டுங்க, அப்புறம் வாங்கிக்கலாம்” என்றால் கட்டாதீர்கள்.

உறுப்பு தர அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். “அடுத்த மீட்டிங்ல பாக்கலாம்” என்று வாயால் சொல்லி அனுப்பினால் எழுந்து வராதீர்கள். காகிதம் கேளுங்கள், தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.