இம்மர்சிவ்: ஆழ்த்துவது யார்?

வீடியோ கேம் ஒன்றின் தமிழ் அறிமுகத்தில் நேற்றும் அதே தொடர்: 'அதிவேக அனுபவம்'. விளையாட்டோ, பாழடைந்த மாளிகையில் பூனைநடை நடக்கிற திகில் ரகம். வேகம் எங்கிருந்து வந்தது? மூலத்தில் இருந்தது 'இம்மர்சிவ்' (immersive) என்ற ஆங்கிலச் சொல், ஆளை உள்ளே இழுத்துக்கொள்கிற என்று பொருள். மொழிபெயர்ப்புப் பொறி துப்பியதைப் படித்துப் பார்க்காமல் ஒட்டியிருக்கிறார்கள்.

லத்தீனில் 'மெர்கெரே' என்றால் நீரில் முக்குதல். முன்னால் 'இன்' சேர்ந்தால் உள்ளே அமிழ்த்துதல். வேர்க்கதை அவ்வளவுதான்.

'அதிவேகம்' வெறும் பிழை, விட்டுவிடலாம். என் சண்டை இன்னொரு மொழிபெயர்ப்பான 'மூழ்கும் அனுபவம்' என்பதோடு. பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மூழ்குதல் தன்வினை. யாரும் தள்ளவில்லை, நானாகவே மூழ்கினேன் என்றாகிறது. விளையாட்டுகளின் இடைமுகங்கள், அதாவது ஆட்டத்துக்கும் நமக்கும் நடுவே நிற்கும் திரை அமைப்புகள், நம்மை நம்பவைக்கப் பார்ப்பதும் அதைத்தானே!

2008-இல் வந்த 'டெட் ஸ்பேஸ்' விளையாட்டில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் உயிர்ப்பட்டை திரை மூலையில் கிடையாது. நாயகனின் உடையில் முதுகுத்தண்டு நெடுக ஓர் ஒளிக்கோடு. அடிபட அடிபட அது குறையும். கணக்கு அப்படியே இருக்கிறது, உடைக்குள் ஒளிந்துகொண்டு. சரி, இதுவாவது கண்ணுக்குத் தெரியும். அதே ஆண்டின் 'லெஃப்ட் ஃபோர் டெட்' விளையாட்டில் 'டைரக்டர்' என்றொரு நிரல், ஆட்டக்காரர்கள் திணறுகிறார்களா தெம்பாக இருக்கிறார்களா என்று கவனித்து, அடுத்த ஜோம்பிக் கூட்டத்தை எப்போது ஏவலாம் என்று முடிவெடுக்கும். 2005-இன் 'ரெசிடென்ட் ஈவில் 4' ஆட்டத்தில் திரும்பத் திரும்பச் செத்தால் எதிரிகள் சத்தமில்லாமல் இளகிவிடுவார்கள். திரையில் ஒரு வரி அறிவிப்பு வராது. அப்புறம் நாமே தப்பித்ததாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வோம். நானும்தான்.

அதனால்தான் 'ஆழ்த்தும் இடைமுகம்' என்கிறேன். ஆழ்வது தன்வினை, ஆழ்த்துவது பிறவினை. ஆழ்வார்கள் தாமே ஆழ்ந்தவர்கள். செய்தித்தாள் 'சோகத்தில் ஆழ்த்தியது' என்று எழுதினால், ஆழ்த்தியது எது என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. அந்தத் 'த்து' ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

'மூழ்கடிக்கும்' என்றால் என்ன? அதுவும் பிறவினைதான், ஆனால் ஆளைக் கொன்றுவிடுகிறது. 'அமிழ்த்தும்' என்பதில் இலக்கணக் குறையில்லை. ஆனாலும் இசையில் ஆழ்ந்தேன் என்றுதான் நாவில் வருகிறது, அமிழ்ந்தேன் என்றல்ல. 'லயிப்பு' அழகான சொல், அதிலும் லயிக்கவைத்தவர் காணாமல் போகிறார்.

தன்வினை, பிறவினையைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். மொழிபெயர்க்க உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறது. அனுமதித் திரையைப் பாருங்கள்: 'உங்கள் விளையாட்டுத் தரவு சேகரிக்கப்படலாம்'. யாரால்? மூலத்திலேயே ஆள் ஒளிந்திருக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். 'சேகரிப்போம்' என்று எழுதினால் சொல்லும் சுருங்கும், ஆளும் வெளியே வருவார்.