டெஸ்ட்: சோதனையா, உரைகல்லா?

டெஸ்ட் என்றதும் நமக்குக் கிரிக்கெட்டும் பள்ளிக்கூடமும்தான் நினைவுக்கு வரும். சொல் பிறந்த இடமோ பொன் உருக்கும் உலைக்களம். லத்தீனில் 'டெஸ்டும்' என்றால் மட்பாண்டம். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, பொன், வெள்ளியை உருக்கி மாற்று (தூய்மையின் அளவு) பார்க்கும் சிறு கிண்ணத்துக்கு அது பெயர். கலந்திருக்கும் ஈயத்தைக் கிண்ணத்தின் நுண்துளைகள் உறிஞ்சிக்கொள்ளும். நல்ல உலோகம் மட்டும் மேலே நிற்கும். கிண்ணத்தின் பெயர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தரம் அறியும் செயலுக்கும் ஆகிவந்தது.

வியப்பு என்னவென்றால், நாம் ஈடாகச் சொல்லும் 'சோதனை'யும் இதே திசையில் வந்ததுதான். வடமொழியில் 'சோதனா' என்றால் தூய்மை செய்தல். 'சுத்தம்' என்ற சொல்லுக்கும் அதே வேர்.

ஆனால் நிரலாளர் எழுதும் டெஸ்ட், அதாவது தம் நிரல் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் இன்னொரு சிறு நிரல், எதையும் தூய்மை செய்வதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் ஒரு சொல்லின் எழுத்துகளை எண்ணித் தரும் செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்று எழுதினேன். பெயர் 'எழுத்தெண்'. (ஜாவாஸ்கிரிப்ட் தமிழ்ப் பெயர்களை மறுக்காமல் ஏற்கும்.) உள்ளே சரத்தின் (எழுத்துத் தொடரின்) 'லெங்த்', அதாவது நீளம், என்ற பண்பைத் திருப்பித் தரும் ஒரே வரி. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ் மென்பொருளில், 18ஆம் பதிப்பிலிருந்து (2022) சோதனைகளை ஓட்டும் கருவி உள்ளேயே வருகிறது. ஜெஸ்ட், மோக்கா போன்ற சோதனைக் கருவிகளைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை. 'எழுத்தெண்.டெஸ்ட்.ஜேஎஸ்' என்ற கோப்பில், 'தமிழ்' கொடுத்தால் 3 வர வேண்டும் என்று எழுதி, 'நோட் --டெஸ்ட்' கட்டளையை ஓட்டினேன். சிவப்பில் விடை வந்தது: எதிர்பார்த்தது 3, கிடைத்தது 5. த, ம, மேல்விலங்கு (இகரக் குறி), ழ, புள்ளி என்று, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறிக் (யுனிகோட்) குறிகளை அது எண்ணியிருக்கிறது.

தங்கத்தைக் கல்லில் உரைத்து, மாற்றுத் தெரிந்த உரையாணி இழுத்த கோட்டோடு ஒப்பிடும் தட்டாரின் வேலைதான் இது. 'வர வேண்டிய விடை' உரையாணி. நாம் எழுதிய நிரல் நகை. கோடு ஒவ்வாவிட்டால் கல் சொல்லிவிடும், நகையைத் திருத்தித் தராது. எனவே பொருளளவில் உரைகல்தான் நெருக்கம். 'கருமமே கட்டளைக் கல்' என்று வள்ளுவர் சொன்னதும் இந்தக் கல்லைத்தான்.

அதற்காக 'அலகு உரைப்பு' என்று புதிதாக ஆக்கினால் யாருக்கும் விளங்காது. உரைப்பு என்றால் காதில் 'உறைப்பு' என்று விழுந்து நாக்குதான் முதலில் எரியும். 'பரிசோதனை' இரத்தத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போய்விட்டது. 'தேர்வு' என்றால் தேர்ந்தெடுப்பதோடு குழம்பும். செயற்கூறு ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்பதற்கு 'அலகுச் சோதனை', அவற்றை ஆள் தலையிடாமல் ஓட்டுவதற்குத் 'தானியங்கிச் சோதனை' என்றே வைத்துக்கொள்ளலாம். உரையாணியை மட்டும் மனத்தில் வைத்திருந்தால் போதும்.

ஏனெனில் தொல்லை கல்லில் இல்லை, ஆணியில் இருக்கிறது. 'லெங்த்' பண்பை விட்டு, குறிகளைச் சேர்த்து முழு எழுத்தாகப் பிரிக்கும் 'இன்டல்.செக்மென்டர்' வசதிக்கு மாறியதும் 'தமிழ்' 3 ஆகிப் பச்சை வந்துவிட்டது. அடுத்து 'லக்ஷ்மி' கொடுத்தேன். விடை 4, க், ஷ் இரண்டையும் பிரித்து எண்ணுகிறது. நானோ சிறு வயதில் க்ஷ-வை ஓர் எழுத்தாகப் படித்தவன், 3 என்று எழுதியிருந்தேன். எந்த எண்ணை ஆணியாக வைப்பது? அந்த ஒரு வரி இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.