வரவில்லை என்றால் போகவில்லை என்று அர்த்தமில்லை

நேற்று எங்கள் மடற்குழுவில் (ஒரு முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் போகும் குழு) ஒரே அறிவிப்பு நான்கு முறை வந்து விழுந்தது. நான்காவதன் தலைப்பு: "இதாவது வருகிறதா?" அனுப்பியவர் பழைய உறுப்பினர். பிறகு எனக்குத் தனி மடல்: "குழு பழுதாகிவிட்டது, நான் போட்டது எனக்கே வரவில்லை." குழுவுக்கு வந்த மடல்கள் சேர்த்துவைக்கப்படும் காப்பகத்தைத் திறந்தால் நான்கும் வரிசையாக நிற்கின்றன. குழுக்களை நிர்வகிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இதே புகாரைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் மெசேஜ்-ஐடி என்று ஒரு வரி இருக்கும். அனுப்பும்போது இடப்படும் அந்த அடையாளம், மடல் குழுவைச் சுற்றித் திரும்பி வரும்போதும் பொதுவாக மாறாது. ஜிமெயில் அதைப் பார்க்கிறது. 'அனுப்பியவை'யில் அதே அடையாளத்தோடு ஒரு மடல் ஏற்கெனவே இருக்கிறது. திரும்பி வந்த பிரதியை இன்பாக்ஸில் காட்டாமல் விட்டுவிடுகிறது. அவ்வளவுதான். யாராவது பதில் போட்டால் அந்த உரையாடல் இன்பாக்ஸுக்கு ஏறி வரும். பொறுமையிழந்து மறுபடி அனுப்பினீர்களானால் அதற்குப் புது அடையாளம். மற்ற எல்லோருக்கும் அது இன்னொரு மடல். உங்களுக்கோ, இந்த முறையும் ஒன்றும் வராது!

ஜிமெயிலில் இதை மாற்ற அமைப்பு எதுவும் கிடையாது. மடற்குழுக்களை நடத்தும் மென்பொருளான மெயில்மேனில் 'சொந்த மடலின் பிரதி வேண்டும்' என்ற விருப்பம் இருக்கிறது, அதை எத்தனை முறை தட்டினாலும் ஜிமெயில்காரர்களுக்குப் பயனில்லை. பக்கத்திலேயே, 'உங்கள் மடல் குழுவுக்கு வந்துசேர்ந்தது' என்று சொல்லும் ஒப்புகை மடல் கேட்கும் விருப்பம் ஒன்று உண்டு. வழக்கமாக அணைந்தே கிடக்கும். அதைப் போட்டுவிடுங்கள். ஒப்புகை தனி மடல், தனி அடையாளம், அதனால் தவறாமல் கண்ணில் படும்.

இதற்கு நேர்மாறான புகாரும் வரும்: "எனக்கு வந்த பதிலில் குழுவின் பெயரே இல்லை, வடிகட்டியிலும் சிக்கவில்லை." பதில் எழுதியவர் உங்கள் முகவரியையும் சேர்த்திருப்பார். இரட்டைப் பிரதியைத் தவிர்க்கும் விருப்பம் மெயில்மேனில் போடப்பட்டிருந்தால், குழு தன் பிரதியை உங்களுக்கு அனுப்பியிருக்காது. கையில் இருப்பது அவர் நேரடியாக அனுப்பியது.

ஆகவே தயவுசெய்து, சந்தேகம் வந்தால் முதலில் காப்பகத்தைப் பாருங்கள். மட்டுறுத்தல் உள்ள குழுவென்றால் ஒப்புதலுக்குக் காத்திருங்கள். 'சோதனை' என்று குழுவுக்கு மடல் போடவே வேண்டாம். காப்பகத்திலும் இல்லையா? நிர்வாகிக்கு எழுதுங்கள், எந்த முகவரியிலிருந்து எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள் என்பதோடு.